பின்வளவுக்காரர்கள் யாருடைய பிள்ளைகள்? ஊர் வரலாற்றுப் புத்தகக் குழுவுக்கு



நம்மூர் வரலாற்றுப் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயம் இப்போது எல்லா வட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாடசாலையில் தமிழும் வரலாறும் படிப்பிக்கிற எங்களிடம் எழுத்துப்பிழை பார்க்கத் தந்த அதே பிரதிதான். எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்துவிட்டோம். அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ளது வேறு மாதிரியான பிழை. அதைப் பற்றிக் குழுவுக்குத் தனியாகக் கடிதம் கொடுத்தோம். பதில் வரவில்லை. வந்தது "வாத்திமார் ஊரைக் குழப்பப் பார்க்கிறார்கள்" என்ற பேச்சுத்தான். ஆகவே எல்லாரும் வாசிக்கிற இடத்திலேயே எழுதுகிறோம். நீளமான பதிவு. முழுக்க வாசித்துவிட்டு ஏசுங்கள்.

அத்தியாயம் சொல்கிற கதை நமக்கெல்லாம் தெரிந்த கதை. அரபு வம்சத்து வியாபாரி ஒருவர் பொதிமாட்டுத் தவளத்தோடு மாத்தளைப் பக்கம் வருகிறார். காணி கிடைக்கிறது. பள்ளி கட்டுகிறார். அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெரிய வீடு, அதிலிருந்து பிரிந்த குடும்பங்கள் என்று நாலு பக்கத்துக்கு ஆண்களின் பெயர் வரிசையாக வருகிறது. கடைசிப் பந்தியில் பின்வளவு வருகிறது. அங்கே இருப்பவர்கள் பெரிய வீட்டுக்கு வேலைக்கென்று கொண்டுவரப்பட்ட சனம் என்றும், இரக்கப்பட்டு இருக்க இடம் கொடுக்கப்பட்டவர்கள் என்றும், பெரிய வீட்டோடு இரத்த உறவு எதுவும் இல்லாதவர்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

பின்வளவில் போய்க் கேட்டால் வேறு கதை. "எங்கட மூத்தும்மாட உம்மாவ வெலைக்கி வாங்கித்தான் கொண்டு வந்தாங்க. ஆனா மூத்தும்மாட வாப்பா பெரிய வீட்டு அப்பாதான்." இதை ஒரு குடும்பம் மட்டும் சொல்லவில்லை. ஒன்றோடொன்று கதைக்காத குடும்பங்களும் இதையே சொல்கின்றன. கத்தம் ஓதுகிற நாளில் பெரிய வீட்டு அப்பாவின் பெயரையும் சேர்த்து ஓதுகிறார்கள், இத்தனை தலைமுறையாக. யாரோ முதலாளி ஒருவரின் பெயரை வருஷா வருஷம் எந்தக் குடும்பம் இப்படி ஓதும்?

புத்தகக் குழுவின் பதில் ஒரே வார்த்தை: ஆதாரம். கடதாசி இருக்கிறதா, பதிவு இருக்கிறதா, காவின் இருக்கிறதா?

இந்தக் கேள்வி நியாயமாகத்தான் கேட்கும். அதனால்தான் அது கெட்ட கேள்வி.

முதலில், "இலங்கையில் ஏது அடிமை" என்று கொமண்டில் எழுதியவர்களுக்கு. கொழும்புக்குப் போகும்போது கொம்பனித்தெருவைக் கடந்துதானே போகிறீர்கள்? அதற்கு ஆங்கிலத்தில் இருந்த பெயரைத் தமிழில் சொன்னால் "அடிமைத் தீவு". ஒல்லாந்தர் காலத்தில் கொம்பனியின் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம். இன்று நம்முடைய மலாய், சோனக சகோதரர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற தெரு. 1659 முதல் 1661 வரை தஞ்சாவூர்ப் பக்கம் பஞ்சம் வந்தபோது ஒல்லாந்தர் அங்கே ஆயிரக்கணக்கில் ஆட்களை வாங்கி யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் பத்தாவியாவுக்கும் அனுப்பினார்கள். 1694 தொடங்கி இரண்டு வருடத்துக்குள் மட்டும் சோழமண்டலக் கரையிலிருந்து 3,800க்கும் மேற்பட்டவர்களைத் தனியார் வாங்கி இலங்கைக்குள் கொண்டு வந்தது பதிவாகியிருக்கிறது. தமிழ் பேசுகிற ஏழைகள். ஒரு மரக்கால் நெல்லுக்குப் பிள்ளையைக் கொடுத்துவிடுகிற நிலைமை. யாழ்ப்பாணத்தில் 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. கண்டி ராஜ்ஜியத்திலும் அடிமை இருந்தது. கடனுக்காக அடிமையானவர்களும், பஞ்சத்தில் தன்னையே விற்றவர்களும் இருந்தார்கள் என்று 1815க்குப் பிறகு கண்டிச் சட்டங்களை எழுதி வைத்த ஜோன் டொயிலி சொல்கிறார். வெள்ளைக்காரன் 1833இல் தன் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டான் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். அந்தச் சட்டத்திலிருந்து இலங்கையைப் பெயர் சொல்லி விலக்கியிருந்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. இங்கே ஒழிந்தது 1844இல், 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால்.

அடிமை வைத்திருந்தவர்களில் ஒல்லாந்தர் மட்டும் இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பறங்கியர், வேளாளர், செட்டிமார், சிங்களப் பிரதானிகள் இருந்தார்கள். சோனகரும் இருந்தார்கள். இதைச் சொல்ல நமக்கு நாக்கு வளைவதில்லை. பிலால் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் கதையை ரபீஉல் அவ்வலில் மேடை போட்டுச் சொல்கிற நாம், அந்தக் கதையில் எப்போதும் பிலாலின் பக்கத்திலேயே நிற்கிறோம். உமையாவின் பக்கத்தில் நம்மூரில் யாராவது நின்றிருப்பார்களோ என்று ஒருநாளும் யோசிப்பதில்லை.

இனி அந்த ஆதாரக் கேள்விக்கு வருவோம்.

உரோமன் டச்சுச் சட்டமோ, தேசவழமையோ, கண்டி வழக்கமோ, எல்லாவற்றிலும் ஒரு விதி பொது: பிள்ளை தாயின் நிலையைப் பெறும். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, தாயின் எஜமானுக்குச் சொந்தம். தகப்பன் யார் என்று சட்டம் கேட்கவே கேட்காது. அமெரிக்காவில் விர்ஜினியா 1662இல் இதையே சட்டமாக எழுதிக்கொண்டது. கொஞ்சம் நின்று யோசியுங்கள், இதன் அர்த்தம் என்ன? எஜமான் தன் வீட்டு அடிமைப் பெண்ணிடம் பிள்ளை பெற்றால் அவனுக்குச் செலவு இல்லை, வரவு. மாடு கன்று போட்ட மாதிரி. தகப்பனின் பெயரை எழுதுவதற்கு அந்தப் புத்தகத்தில் இடமே வைக்கவில்லை. அடிமையின் பெயருக்கு எதிரே எழுத வேண்டிய பெயர் சொந்தக்காரனின் பெயர். சில வீடுகளில் இரண்டும் ஒரே பெயராக இருந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க முடியாதபடிதான் அந்தப் பதிவே அமைக்கப்பட்டது.

எழுத இடம் வைக்காத பெயரை எடுத்துக்கொண்டு வா என்று அவளுடைய பேரப்பிள்ளையிடம் கேட்கிறோம்.

சரி, ஆதாரம்தான் அளவுகோல் என்றால் நம்மையும் அதே கோலால் அளந்து பார்ப்போம். பெரிய வீட்டு அப்பா அரபு வம்சம் என்பதற்கு அத்தியாயத்தில் என்ன கடதாசி காட்டியிருக்கிறார்கள்? ஒன்றுமில்லை. "முன்னோர் வாய்வழியாகச் சொல்லிவந்தது" என்றுதான் இருக்கிறது. இலங்கைச் சோனகர் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் கதையும் அப்படித்தான். கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் கொடுமைக்குத் தப்பி ஹாஷிம் குடும்பத்து அரபிகள் இங்கே வந்து குடியேறினார்கள் என்ற அந்தக் கதையை முதலில் எழுத்தில் போட்டது யார் தெரியுமா? பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், 1827இல். அவர் எதை வைத்து எழுதினார்? சோனகர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டதைக் கேட்டு எழுதினார். நூறு வருஷத்துக்கு மேலாக நாம் அதை மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம். மேடையில் சொல்கிறோம், மலரில் போடுகிறோம்.

இதே ஜோன்ஸ்டன்தான் 1816இல் இலங்கையின் அடிமைச் சொந்தக்காரர்களைப் பேசி இணங்க வைத்து, அந்த வருடம் ஆகஸ்ட் 12க்குப் பிறகு பிறக்கும் அடிமைப் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள் என்று ஏற்கச் செய்தவர். ஒரே மனிதர், இரண்டு வேலை. ஒன்றில் நம் வாப்பாமாரின் வாய்மொழிக் கதையைப் பதிந்து வைத்தார். மற்றதில் வாப்பா பெயர் இல்லாத பிள்ளைகளுக்கு விடுதலை கேட்டார். முதலாவதை நெஞ்சில் குத்திக்கொண்டோம். இரண்டாவதை நம்மூரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்றும் ஞாபகப்படுத்துவோம். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் ரோயல் ஏசியாட்டிக் சொசைட்டியில் ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர்கள் இனத்தால் தமிழர், அரபு வம்சம் என்பதற்கு ஆதாரம் போதாது என்பது அதன் சாரம். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் பேசப்பட்ட காலம், அடுத்த வருடமே எம். சி. அப்துல் ரஹ்மான் நியமனமானார். ஆகவே அது வெறும் ஆராய்ச்சி என்று நம்மவர் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பாக ஒரு நூலே எழுதினார். இன்றைக்கும் இராமநாதனின் பெயரைச் சொன்னால் நம் பெரியவர்களுக்குக் கோபம் வரும். ஏன்? எங்கள் வாப்பா யாரென்று சொல்ல நீ யார், எங்களிடம் கடதாசி கேட்க உனக்கு என்ன உரிமை என்ற கோபம். அந்தக் கோபம் நியாயம் என்றால் பின்வளவுக்காரரின் கோபமும் நியாயம். மூன்றாம் அத்தியாயத்தை எழுதியவர்கள் பின்வளவுக்கு இராமநாதனாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

கணக்குப் பாடம் எடுக்கிற ஆசிரியர் ஒருவர் சொன்னதையும் சேர்த்துவிடுகிறோம். பத்துத் தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடம். அதில் ஒரு இடத்தில் ஒரு அரபி உட்கார்ந்திருந்தால் அல்ஹம்துலில்லாஹ். மீதி 1,023 இடத்தில் யார்? அரபி பாய்க்கப்பலில் உம்மாவையும் மூத்தும்மாவையும் ஏற்றிக்கொண்டு வரவில்லை. இங்கேதான் பெண் எடுத்தார்கள். நாலு பக்க வம்ச வரிசையில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லையே, பெரிய வீட்டுப் பெண்களின் பெயர்கூட இல்லையே, அது ஏன் என்று பெரிய வீட்டுப் பிள்ளைகளாவது கேட்க வேண்டாமா?

இந்த மாதிரி வழக்கு உலகத்தில் நமக்கு முதலில் வந்ததல்ல. அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சன், மனிதர் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர், தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமையாக வைத்திருந்தார். அவர்களில் ஒருத்தி சாலி ஹெமிங்ஸ். அவள் யார் என்றால், ஜெபர்சனின் மனைவியினுடைய வாப்பாவுக்கு ஓர் அடிமைப் பெண்ணிடம் பிறந்தவள். மச்சினிச்சி முறை. மனைவி மௌத்தான பிறகு ஜெபர்சன் பாரிசில் தூதுவராக இருந்தபோது, அவருடைய சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு 1787இல் சாலி அங்கே போனாள். அப்போது அவளுக்கு வயது 14. பிறகு அவளுக்கு ஆறு பிள்ளைகள். நாலு உயிரோடு வளர்ந்தன.

1802இல் ஒரு பத்திரிகைக்காரர் இதை எழுதினார். ஜெபர்சன் பகிரங்கமாக ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அவர் மௌத்தான பிறகு அவருடைய பேரப்பிள்ளைகள், அது தாத்தா இல்லை, அவருடைய சகோதரியின் மகன்மார்தான் என்று பழியைத் திருப்பினார்கள். சரித்திரப் பேராசிரியர்கள் நூற்றைம்பது வருஷமாக அந்தக் கதையையே திருப்பிச் சொன்னார்கள். சாலியின் மகன் மெடிசன் 1873இல் தன் வாழ்க்கையைச் சொல்லிப் பத்திரிகையில் வந்தது, எங்கள் தகப்பன் ஜெபர்சன் என்று. அடிமையின் மகன் பெருமைக்குச் சொல்கிறான் என்று ஒதுக்கினார்கள். பின்வளவைப் பற்றி நம்மூரில் சொல்வதும் அதே வார்த்தைதான்: "பெருமைக்குச் சொல்றாங்க."

1998இல் மரபணு பார்த்தார்கள். ஆணிலிருந்து ஆணுக்கு மாறாமல் வருகிற ஒரு கூறு இருக்கிறது. ஜெபர்சனுக்கு மனைவி வழியில் ஆண்பிள்ளை தங்கவில்லை. ஆகவே அவருடைய வாப்பாவின் சகோதரருடைய ஆண் வழியில் வந்தவர்களையும், சாலியின் கடைசி மகன் எஸ்டனின் ஆண் வழியில் வந்த ஒருவரையும் ஒப்பிட்டார்கள். பொருந்தியது. பழி போடப்பட்ட சகோதரி மகன்மாரின் வழி பொருந்தவில்லை. மரபணு காட்டியது ஜெபர்சன் குடும்பத்து ஆண் ஒருவர் என்பதைத்தான். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்பது மாதம் முன்னால் ஜெபர்சன் வீட்டில் இருந்தார் என்பது அவருடைய சொந்தக் குறிப்புகளிலேயே இருந்தது. மொன்டிசெலோ என்ற அந்த வீட்டைப் பராமரிக்கிற நிறுவனம் 2000இல் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, சாலியின் பிள்ளைகளுக்குத் தகப்பன் அவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் இல்லை, அவருடைய தம்பியாக இருக்கும் என்று வாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

நமக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஜெபர்சன் குடும்பத்துக்கென்று அங்கே ஒரு மையவாடி இருக்கிறது. அவருடைய வம்சத்தவர் சங்கத்துக்குச் சொந்தம். சாலியின் வம்சத்தவரைச் சங்கத்தில் சேர்ப்பதா, அந்த மண்ணில் அடக்க இடம் கொடுப்பதா என்று கேள்வி வந்தது. 2002இல் வாக்கெடுத்து மறுத்துவிட்டார்கள். மரபணுவே வந்து சொன்ன பிறகும்! ஆகவே "டீஎன்ஏ எடுத்துப் பார்த்தால் முடிஞ்சிது" என்று கொமண்டில் சவால் விடுகிற தம்பிமார் கவனிக்கவும். எச்சிலைச் சோதித்து வரும் கடதாசியையும் வேண்டாதவர்கள் ஏற்கமாட்டார்கள். ஆதாரம் கேட்கிறவர்களுக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. மறுக்கத்தான் தேவைப்பட்டது.

அமெரிக்காக்காரன் கதை நமக்கு எதற்கு என்பவர்கள் ஹதீஸைக் கேளுங்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நம் மௌலவிமார் திருமணச் சட்டம் படிப்பிக்கும்போது இதைச் சொல்வார்கள், ஆனால் கதையின் பாதியைத்தான் சொல்வார்கள்.

மக்கா வெற்றியின் போது ஒரு வழக்கு. ஸம்ஆ என்ற குறைஷிக்கு ஓர் அடிமைப் பெண். அவளுக்கு ஒரு மகன். ஸஃது இப்னு அபீவக்காஸ் ரழி வந்து, இவன் என் சகோதரன் உத்பாவின் மகன், உத்பா என்னிடம் சொல்லி வைத்துவிட்டுப் போனான் என்கிறார். ஸம்ஆவின் மகன் அப்து குறுக்கே எழும்பி, இல்லை, இவன் என் சகோதரன், என் வாப்பாவின் அடிமைப் பெண்ணுக்கு என் வாப்பாவின் படுக்கையில் பிறந்தவன் என்கிறார். ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பார்க்கிறார்கள். பையனின் முகச்சாயல் உத்பாவைப் போலத் தெளிவாக இருக்கிறது. இருந்தும் தீர்ப்பு அப்துவுக்கே. பிள்ளை படுக்கைக்கு உரியது. பையன் ஸம்ஆவின் வம்சம், அப்துவின் சகோதரன். சாயலின் காரணமாகத் தங்கள் மனைவி, ஸம்ஆவின் மகள் ஸௌதா ரழி அவர்களை மட்டும் அவனுக்கு முன்னால் பர்தா பேணச் சொன்னார்கள்.

இதில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, சந்தேகம் இருந்தது, அது மறைக்கப்படவும் இல்லை. ஆனாலும் பிள்ளை வம்சம் இல்லாதவனாகத் திருப்பி அனுப்பப்படவில்லை. சந்தேகத்தின் பலன் பிள்ளைக்குப் போனது. மற்றது, அப்து. எஜமான் வீட்டு மகன். வாப்பாவின் சொத்தில் பங்கு குறையும் என்று தெரிந்தும் அடிமைப் பெண்ணின் மகனைத் தன் சகோதரன் என்று வழக்காடி வாங்குகிறார். மொன்டிசெலோவில் அப்படி எழும்பியவர்கள் மிகச் சிலர்தான். நம்மூரில் யாராவது எழும்புவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிக்ஹுச் சட்டமும் ஐரோப்பியர் சட்டமும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. எஜமானுக்குப் பிள்ளை பெற்ற அடிமைப் பெண் உம்முல் வலத். அவளை விற்க முடியாது, எஜமான் மௌத்தானால் அவள் சுதந்திரம். பிள்ளை பிறக்கும்போதே சுதந்திரம், மற்றப் பிள்ளைகளைப் போல வாரிசு. கலீபா ஹாரூன் ரஷீதின் உம்மா கைஸுரான் அடிமையாக இருந்தவர். மஃமூனின் உம்மாவும் அப்படியே. அதனால் அவர்களுடைய வம்சம் செல்லாமல் போகவில்லை. இந்த முறை நல்லது என்று சொல்ல நாம் வரவில்லை. அந்தப் பெண்ணிடம் சம்மதம் யார் கேட்டார்கள் என்ற கேள்விக்கு எந்தக் கிதாபிலும் சமாதானமான பதில் கிடையாது. சொல்ல வருவது இதுதான்: "எங்கட அப்பா மேல விபச்சாரப் பழி போடுறீங்களா" என்று கேட்கிறார்களே, அந்தக் காலத்துச் சட்டப்படி அது அந்தப் பழி இல்லை. பழி வேறொன்றில் இருக்கிறது. தன் பிள்ளையை ஏற்றுக்கொண்டால் அவள் சுதந்திரமாகிவிடுவாள், காணியில் பங்கு கேட்பாள். ஏற்காமல் விட்டால் ஊர்ச் சட்டப்படி அவள் வீட்டுச் சாமான். ஷரீஅத்தை ஐந்து வேளைத் தொழுகைக்கு வைத்துக்கொண்டு, பிள்ளை விஷயத்துக்கு ஒல்லாந்தன் சட்டத்தை எடுத்துக்கொண்டவர்கள் இருந்திருந்தால், அதை மறைக்கத்தான் "இரத்த உறவு இல்லை" என்ற வரி தேவைப்பட்டிருக்கும்.

அதுமட்டுமா, பஞ்சத்தில் நெல்லுக்கு விற்கப்பட்டவர்கள் போரில் பிடிபட்ட கைதிகள் இல்லை. சுதந்திரமாகப் பிறந்தவர்கள். சுதந்திரமானவனை விற்று அந்தக் காசைத் தின்றவனுக்கு மறுமையில் தானே எதிரி என்று அல்லாஹ் சொல்வதாக ஹதீஸ் இருக்கிறது. அந்த விற்பனையே செல்லாது. அப்படியிருக்க, பின்வளவுக்காரரைப் பார்த்து "அடிமை வம்சம்" என்று சொல்ல ஷரீஅத்தில் இடமே இல்லை. சரியான பெயர் வேண்டுமென்றால் "ஏமாற்றி விற்கப்பட்டவர்களின் பிள்ளைகள்" என்று சொல்லுங்கள்.

இந்த ஊரில் இந்தச் சொல் வெறும் சொல்லாக நின்றுவிடவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். சம்பந்தம் பேசி, நாள் குறிக்கிற கட்டத்தில், யாரோ ஒரு மாமி வந்து காதில் ஊதிவிட்டுப் போனதால் நின்றுபோன கலியாணங்கள் இருக்கின்றன. எங்களிடம் படித்து, பல்கலைக்கழகம் போய், அரசாங்க வேலை எடுத்த பிள்ளைகளுக்கு நடந்திருக்கிறது. கேட்டால் "குஃபு பார்க்கணும், கிதாபிலேயே இருக்கு" என்பார்கள். கிதாபில் இருக்கிறதுதான், நம் ஷாபிஈ மத்ஹப் கிதாபிலும் வம்சம் பார்ப்பது இருக்கிறது. ஆனால் அது பெண்ணும் வலியும் விரும்பினால் விட்டுக்கொடுக்கக்கூடிய உரிமை, கட்டாயக் கடமை இல்லை என்பதும் அதே கிதாபில் இருக்கிறது. குறைஷிப் பெண் பாத்திமா பின்த் கைஸுக்கு முஆவியாவும் அபூ ஜஹ்மும் பெண் கேட்டு வந்திருக்க, விடுதலை பெற்ற அடிமை ஸைதின் மகன் உஸாமாவை முடிக்கச் சொன்னது யார்? அதையும் வாசியுங்கள். ஹஜ்ஜுக்குப் போய் ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஓடுகிறோமே, யாருடைய காலடியில் ஓடுகிறோம்? பணிப்பெண்ணாகக் கொடுக்கப்பட்ட ஹாஜர் அலைஹஸ்ஸலாம் அவர்களின் காலடியில். அரபு வம்சம் அரபு வம்சம் என்கிறோமே, அந்த வம்சத்தின் உம்மா அவர்தான்.

தோட்டப் பக்கத்துப் பிள்ளைகளும் எங்களிடம் படிக்கிறார்கள், ஆகவே இதையும் ஒரு வரி. மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியாகக் கால்நடையாக மாத்தளைக்கு வந்த சனத்தின் பெண்களிடம் கோப்பித் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் துரைமாருக்குப் பிறந்த பிள்ளைகள் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று நுவரெலியாவில் ஓர் இல்லமே நடந்தது. சட்டப்படி அவர்கள் அடிமைகள் இல்லை, துண்டுக் கடனில் கட்டப்பட்டவர்கள். துரையின் ஊரில் எழுதிய குடும்பப் புத்தகங்களில் அந்தப் பிள்ளைகளைத் தேடினால் கிடைக்காது. அதை அநியாயம் என்று சொல்ல நமக்கு ஒரு நிமிஷம் போதும், ஏனென்றால் துரை நம் சாச்சா இல்லை.

இனி ஏன் இத்தனை அவசரம் என்பதைச் சொல்கிறோம். பின்வளவுக் காணிக்கு உறுதி இல்லை. அங்கே இருக்கிறவர்கள் நாலைந்து தலைமுறையாக இருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த நாட்டில் 1871ஆம் ஆண்டின் ஆட்சிக்காலக் கட்டளைச் சட்டப்படி, பத்து வருடத்துக்கு மேல் சொந்தக்காரனின் தயவில் இல்லாமல் தன் உரிமையாக ஆண்டு அனுபவித்தவருக்குக் காணியில் உரிமை கோர முடியும். அனுமதியின் பேரில் இருந்தவருக்கு அது கிடையாது. அந்த ஒரு சொல்லில்தான் வழக்கே தங்கியிருக்கும். இப்போது மூன்றாம் அத்தியாயத்தின் கடைசிப் பந்தியைத் திரும்ப வாசியுங்கள். "இரக்கப்பட்டு இருக்க இடம் கொடுக்கப்பட்டவர்கள்." பள்ளிவாசல் பெயரோடு, ஊர்ப் பெரியவர்களின் வாழ்த்துரையோடு அச்சாகப் போகிறது. காணிக்கு இன்றைக்கு என்ன விலை போகிறது என்று தெரியாதவர் யாரும் இந்த ஊரில் இல்லை. எழுதியவர்கள் அந்த நோக்கத்தில்தான் எழுதினார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு நீதிமன்றத்தில் யாரோ ஒருவரின் சட்டத்தரணி அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பார். நூற்றைம்பது வருஷம் கடதாசி இல்லாமல் இருந்த பொய்க்கு நாம் கடதாசி செய்து கொடுத்ததாக முடியும்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பின்வளவுக்காரர் பெரிய வீட்டு அப்பாவின் பிள்ளைகள் என்று எழுதச் சொல்லவில்லை. "இரத்த உறவு இல்லை", "இரக்கப்பட்டு" என்ற இரண்டையும் எடுங்கள். பெரிய வீட்டுக்காரர் சொல்வது இது, பின்வளவுக்காரர் சொல்வது இது என்று இரண்டு வாய்மொழியையும் பக்கத்துப் பக்கமாக ஒரே எழுத்தளவில் போடுங்கள். அரபு வம்சக் கதைக்கு என்ன மரியாதை கொடுத்தீர்களோ அதே மரியாதையை இதற்கும் கொடுங்கள். வம்ச வரிசையில் தெரிந்த உம்மாமாரின் பெயர்களைச் சேருங்கள். புத்தகக் குழுவில் பின்வளவிலிருந்து ஒருவராவது இருக்கட்டும். இப்போது ஒருவரும் இல்லை.

இதில் பெரிய வீட்டுப் பிள்ளைகளில் இரண்டு பேர் எங்களுக்குத் தனியாக மெசேஜ் போட்டிருக்கிறார்கள். தங்கள் வாப்பும்மா, பின்வளவு மூத்தும்மாவைக் கடைசிவரைக்கும் "ராத்தா" என்றுதான் கூப்பிட்டாராம், ஏனென்று கேட்டால் அதட்டுவாராம். அவர்கள் இதை இந்தப் பதிவுக்குக் கீழேயே எழுதினால் நல்லது. எழுத முடியாவிட்டாலும் பரவாயில்லை, குழுவிடம் சொன்னால் போதும்.

பின்வளவில் எண்பதைத் தாண்டிய மூத்தும்மாமார் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காது மட்டம், ஆனால் பெயர்கள் எல்லாம் ஞாபகம். வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு அவர்களிடம் போகிறோம். பதிவு செய்ய போன் எங்களிடம் இருக்கிறது. புத்தகக் குழுவிலிருந்து யார் வருகிறார்கள் என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் சொன்னால், அவர்களுக்கும் சேர்த்துத் தேத்தண்ணிக்குச் சொல்லி வைப்போம்.